துணிப் புத்தகத்தில் நத்தார் பக்கம்



டிசம்பர் பிறந்தால் எங்கள் உள்பெட்டிக்கு இரண்டு கேள்விகள் வரும். ஒன்று ஆசிரியர்களிடமிருந்து: "அந்தத் துணிப் புத்தகத்தை எப்படித் தைத்தீர்கள், அளவு என்ன?" மற்றது நம்மவர்களிடமிருந்து: "முஸ்லிம் டீச்சர்மார் நீங்கள் ஏன் நத்தார் பக்கம் தைத்தீர்கள்?" இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

நாங்கள் என்றால் ஐந்து பேர். கொட்டகலையில் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் ஒரே குழுவாக இருந்தவர்கள். ஐவரும் ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள், ஐவரும் முஸ்லிம்கள். இப்போது ஆளுக்கொரு பாடசாலையில் இருக்கிறோம். இந்தப் பதிவை ஒருவர் எழுதி, மற்ற நால்வரும் வாசித்துத் திருத்தித்தான் இங்கே வருகிறது.

முதலில், ஏன் துணி?

மலைநாட்டில் கற்பித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பிரிஸ்டல் போர்டில் ராத்திரி முழுக்க விழித்திருந்து செய்த சாதனம் ஒரு தவணை தாங்காது. ஜூன் மாத மழை தொடங்கினால் மட்டை நெளியும், பசை விடும், டிமைத் தாளில் ஒட்டிய படத்தின் ஓரத்தில் பூஞ்சணம் கறுப்பாக ஏறும். கொட்டகலையில் மூடுபனி ஜன்னலுக்கு வெளியே நிற்பதில்லை, வகுப்புக்குள்ளேயே வந்து உட்காரும். பிள்ளைகளும் தூர இருந்து பார்ப்பவர்கள் இல்லை. தரம் ஒன்றுப் பிள்ளைக்குப் பார்ப்பது என்றால் தொடுவது, இழுப்பது, சில வேளை வாயில் வைப்பது. துணி என்றால் நனையலாம், இழுபடலாம், கழுவிக் காயப் போடலாம்.

இது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. லண்டனில் டீன்ஸ் ராக் புக் என்ற நிறுவனம் 1903இலேயே குழந்தைகளுக்காகத் துணியில் புத்தகம் அச்சடிக்கத் தொடங்கிவிட்டது. கிழிக்கவும் கடிக்கவும் செய்கிற பிள்ளைக்குக் கிழியாத புத்தகம் வேண்டும் என்ற அதே காரணம்தான்.

அடுத்தது, ஏன் பண்டிகைகள்?

எங்கள் நாட்டுப் பாடசாலைகளில் சமய பாடவேளை வந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று பாடம் பிரியும். பிள்ளைகளும் பிரிவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் படிக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். ஆனால் தோட்டப் பாடசாலையில் முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இருபத்தாறு பேர் சைவம், மூன்று பேர் கத்தோலிக்கம், ஒருவர் முஸ்லிம் என்று இருந்தால், அந்த ஒருவர் அந்த நாற்பது நிமிடமும் விறாந்தையில் இருப்பார். அல்லது கடைசி வாங்கில் கணிதக் கொப்பியை விரித்துக்கொண்டு மற்றவர்களின் தேவாரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன கொண்டாடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளும் இடம் சமய பாடவேளைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஆரம்பப் பிரிவில் அதற்குச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் இருக்கிறது.

இதை மனதில் வைத்துத்தான் எங்கள் விரிவுரையாளர் அந்த வேலையைத் தந்தார். முப்பது பேர், ஆறு குழுக்கள், ஆறு பக்கங்கள்: தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார். எல்லாம் சேர்ந்து ஒரே புத்தகம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எந்தக் குழுவும் தன் பண்டிகையைத் தைக்கக் கூடாது. மற்றவரின் பண்டிகையைத் தைக்க வேண்டும், அதற்கு முதல் அந்தப் பண்டிகைக்காரரிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். சீட்டுக் குலுக்கினார்கள். எங்களுக்கு நத்தார் வந்தது.

சீட்டைப் பிரித்ததும் ஐவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏன் என்பதை மறைக்காமல் சொல்கிறோம்.

ஒன்று, மார்க்கம் சார்ந்த தயக்கம். ஈஸா நபி அலைஹிஸ்ஸலாம் எங்களுக்கும் நபி. குர்ஆனின் 19ஆவது அத்தியாயத்துக்கு அவருடைய தாயாரின் பெயர்தான், சூரா மர்யம். பேரீச்சை மரத்தடியில் அந்தத் தாய் பட்ட பிரசவ வேதனை அங்கே வருகிறது. ஆனால் நபிமார்களின் உருவத்தை வரைவதோ செய்வதோ எங்களுக்கு ஆகாது. குழந்தை இயேசு இல்லாமல் நத்தார் பக்கம் எப்படி? அந்தக் குழந்தையை எங்கள் கையால் எப்படித் தைப்பது? அதோடு கிறிஸ்தவர்கள் அந்தக் குழந்தையைப் பற்றி நம்புவதும் நாங்கள் நம்புவதும் ஒன்றில்லை. அது இரு பக்கத்தாருக்கும் தெரியும். தெரியாதது போல நடிக்க எங்களுக்கு விருப்பமில்லை.

மற்றது 2019. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள். நாங்கள் ஆசிரியைகள், பிள்ளைகளின் முகத்தில் விழித்து வாழ்கிறவர்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு பல நாள் சோறு இறங்கவில்லை. அதைச் செய்தவர்கள் எங்கள் பெயர்களைப் போன்ற பெயர்களைக் கொண்டவர்கள். அதன் பிறகு வந்த மாதங்களில் எங்களில் ஒருவர் வேலைக்குப் போன இடத்தில், வாசலில் அவருடைய பையை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் வந்த டீச்சர்மார் பேசாமல் உள்ளே போனார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எல்லோரும் பயந்து போயிருந்த காலம். ஆனால் அப்படியான காலத்துக்குப் பிறகு, முஸ்லிம் பெண்கள் ஐந்து பேர் கிறிஸ்தவ சிநேகிதிகளிடம் போய் "உங்கள் பெருநாளைப் பற்றிச் சொல்லுங்கள், தைக்கப் போகிறோம்" என்று கேட்பது லேசான காரியம் இல்லை.

அன்று இரவு எங்களில் ஒருத்தி வீட்டுக்கு அழைத்து உம்மாவிடம் சொன்னாள். மார்க்கப் பற்றில் எங்கள் ஐவரையும் விட அவர் கடுமையானவர். தடுப்பார் என்று நினைத்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "அவங்கட பெருநாளை நீங்க கொண்டாடப் போறீங்களா, பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கப் போறீங்களா?" சொல்லிக் கொடுக்கத்தான் என்றதும், "அப்ப நல்லாத் தைங்க மகள். அரைகுறையாத் தைச்சா அவங்க மனசு நோகும்" என்றார்.

அதுவே எங்களுக்கு வழிகாட்டியாகிவிட்டது. தைக்கக் கூடியதை நன்றாகத் தைப்பது. கூடாததை வெளிப்படையாகச் சொல்வது.

கேட்கப் போனோம். எங்கள் பயிற்சிப் பிரிவில் கிறிஸ்தவர்கள் நான்கு பேர். இரண்டு பேர் கத்தோலிக்கர், ஒருவர் அங்கிலிக்கன், ஒருவர் மெதடிஸ்த சபை. கேட்ட முதல் பத்து நிமிடத்திலேயே அவர்களுக்குள் விவாதம் தொடங்கிவிட்டது. பாலன் குடில்தான் முக்கியம் என்றார் ஒருவர். கரோல்தான் என்றார் இன்னொருவர். நத்தார் தாத்தா இல்லாமல் பிள்ளைகளுக்குப் பண்டிகையே இல்லை என்றார் மூன்றாமவர். நான்காமவர் நத்தார் தாத்தாவைத் தைக்கவே கூடாது என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறை விஷயத்தில் எங்கள் வீடுகளில் நடப்பதும் இதுதானே!

ஆனால் நால்வரும் ஒத்துச் சொன்ன சில விஷயங்கள் இருந்தன. தோட்டத்து நத்தாரில் பனிக்கட்டி இல்லை, கலைமான் வண்டி இல்லை. மூங்கில் சிம்பில் டிஷ்யூ கடதாசி ஒட்டிய நட்சத்திரக் கூடு இருக்கிறது. ராத்திரியில் டோர்ச் லைட்டோடு லயம் லயமாகப் போகிற கரோல் கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் சைவப் பிள்ளைகளும் தபேலா அடித்துக்கொண்டு போவார்கள். பாடசாலையில் ஒளிவிழா இருக்கிறது. வீட்டில் புதுத்துணி, டவுனில் வாங்கிய கேக், அடுத்த காம்பராவுக்குப் போகிற பலகாரத் தட்டு.

பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் கவனித்தோம். இந்தியாவில் "கிறிஸ்துமஸ்" என்று சொல்கிறார்கள். நாங்கள் "நத்தார்" என்கிறோம், சிங்களத்தில் "நத்தல". இது போர்த்துக்கேயரின் "நத்தால்". 1505இல் வந்தவர்கள் விட்டுப்போன சொல். அவர்களோடு வந்த சொற்கள் தையல் பெட்டியிலும் இருக்கின்றன. "ரேந்தை" போர்த்துக்கேயச் சொல். "பொத்தான்" போர்த்துக்கேயச் சொல். லயத்து "காம்பரா"வும் அப்படித்தான். ரேந்தையையும் பொத்தானையும் வைத்துக் காம்பரா ஒன்றில் நத்தார் தைக்கப்போகிறோம் என்றால், பாதி வேலையைச் சொற்களே செய்து முடித்துவிட்டன.

பாலன் குடிலைப் பற்றி வாசித்தபோது இன்னொன்றும் கிடைத்தது. நத்தாருக்குக் குடில் அமைக்கும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவர் அசிசி நகரப் பிரான்சிஸ். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில், உண்மையான மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் வைத்து அவர் அதைச் செய்தார். ஏழைகள் கண்ணால் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். எங்கள் பாஷையில் சொன்னால், அதுவும் ஒரு கற்பித்தல் சாதனம். அதே பிரான்சிஸ் அதற்கு நான்கு வருடங்களுக்கு முன், 1219இல், சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், எகிப்தில் சுல்தான் அல்காமிலின் பாசறைக்கு ஆயுதமில்லாமல் போனவர். சுல்தான் அவரை மரியாதையோடு வரவேற்று, பேசக் கேட்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். இருவரும் மதம் மாறவில்லை. போரும் அதனால் நிற்கவில்லை. ஆனால் அந்தச் சந்திப்பை இரு பக்கத்தாரும் 800 வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இதை வாசித்த பிறகு குடிலைத் தைப்பதில் எங்களுக்கு இருந்த கூச்சத்தில் பாதி போய்விட்டது.

இனி ஆசிரியர்கள் கேட்ட பகுதி.

பக்கம் 30 சென்ரிமீற்றர் சதுரம். சுற்றிவரத் தையலுக்கு 2 சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டுங்கள். முன்னும் பின்னும் காடாத்துணி, நடுவில் பழைய பெட்ஷீட் ஒரு மடிப்பு. இடது ஓரத்தில் 5 சென்ரிமீற்றர் வெறுமையாக விடுங்கள், கட்டுவதற்கு. மூன்று துளை போட்டுக் காஜா தைத்து, சப்பாத்து லேஸால் கட்டினோம். நிரந்தரமாகத் தைத்துவிடாதீர்கள். கட்டி வைத்தால் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிக் கழுவலாம், மாதத்துக்கு ஏற்றபடி வரிசையை மாற்றலாம்.

துணி வாங்கவில்லை. டவுனில் தையல்கடை வைத்திருக்கும் நானா ஒருவர் வெட்டுத்துணியை ஒரு சாக்கு நிறையத் தந்தார். கடையில் வாங்கியது வெல்க்ரோவும் நூலும் பொத்தானும் மட்டும். ஒரு எச்சரிக்கை: சிவப்புத் துணியை நம்பாதீர்கள். முதலில் ஊறவைத்து, தண்ணீரில் சாயம் இறங்காமல் போகும் வரை கழுவிய பிறகே தையுங்கள். இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே பக்கம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கைத்திறன் என்று ஒதுக்கியிருந்தோம். பொங்கலுக்கு முடிச்சுப் போடுதல், வெசாக்குக்குப் பின்னல், தீபாவளிக்கு ஸிப் என்று. எங்களுக்குப் பொத்தான். கத்தோலிக்கச் சிநேகிதி திருவருகைக் காலத்தைப் பற்றிச் சொன்னார். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறும் ஒவ்வொரு மெழுகுதிரி ஏற்றுவார்களாம், மூன்று ஊதா, ஒன்று ரோஸ். அதையே எடுத்துக்கொண்டோம். பக்கத்தின் கீழ் ஓரத்தில் துணி மெழுகுதிரிகள் நான்கு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொத்தான், அதில் மாட்டுவதற்கு மஞ்சள் துணிச் சுடர்கள் நான்கு. பிள்ளை ஒரு வாரத்துக்கு ஒரு சுடரை மாட்ட வேண்டும். பொத்தான் போடவும் பழகும், நான்கு வரை எண்ணவும் பழகும், காத்திருக்கவும் பழகும்.

குடிலை லயக் காம்பராவாகத் தைத்தோம். இது எங்கள் யோசனை இல்லை. பயிற்சிக் கற்பித்தலுக்குப் போன தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளிடம் "மாட்டுக் கொட்டில் வரைங்க" என்று சொன்னபோது, ஒரு பிள்ளை தகரக் கூரையோடு ஒரே ஒரு கதவு வைத்து வரைந்து, "இது எங்க வீடு மாதிரியே இருக்கு டீச்சர்" என்று சொன்னது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் குடும்பமே வாழ்கிற பிள்ளைக்கு, இடமில்லாமல் கொட்டிலில் பிறந்த குழந்தையின் கதையை விளக்க வேண்டியதில்லை. தகரத்துக்கு உடைந்த குடையின் சாம்பல் நிறத் துணி. ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் மெல்லிய மடிப்புகளாகத் தைத்தால் அச்சு அசல் தகரம்தான்.

இடையர்களுக்குக் கம்பளி போர்த்தினோம். கோப்பிக் காலத்திலிருந்து இந்த மலைக்கு வந்தவர்களின் தோளில் கிடந்த கம்பளி, அதன் விலையும் சம்பளத்தில் கழிக்கப்பட்ட கம்பளி. ஒரு பாட்டி தன் பழைய கம்பளியின் கிழிந்த மூலையை வெட்டித் தந்தார். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கிலிருந்தும் ஒரு துண்டு கிடைத்தது. அதைத் தரையாக விரித்தோம். நட்சத்திரத்துக்குச் சிவப்புத் துணியும் ஓரத்தில் ரேந்தையும்.

மேல் மூலையில் ஒரு சிறிய பை. அதற்குள் கறுவா, கராம்பு, ஏலக்காய். பிள்ளை மூக்கை வைத்து மணந்தால் கேக் வாசம். எங்கள் வட்டிலப்பத்திலும் அதே வாசம்தான். பூச்சியும் அண்டாது. கழுவும்போது அந்தப் பையை எடுத்துவிடுங்கள்.

இனி முக்கியமான இடம். முன்னணை.

எங்கள் சங்கடத்தை அந்தச் சிநேகிதிகளிடம் அப்படியே சொன்னோம். "ஈஸா நபியின் உருவத்தை எங்கள் கையால் செய்ய முடியாது. மர்யம் அம்மையாரையும் செய்யத் தயக்கமாக இருக்கிறது. கோபிக்காதீர்கள். ஆனால் அவர்கள் இல்லாத பக்கத்தை உங்களுக்குத் தரவும் மனமில்லை." கத்தோலிக்கச் சிநேகிதி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க கோயில்லயும் 24ஆந் தேதி ராத்திரி வரைக்கும் முன்னணை காலியாத்தான் இருக்கும். நடுச்சாமப் பூசையிலதான் பாலனை வைப்பாங்க. நீங்க காலியாவே தைங்க. பாலனை நாங்க செஞ்சு தர்றோம்."

முன்னணையை ஒரு பையாகத் தைத்தோம், உள்ளே வைக்கோல் நிறக் கம்பளி நூல். அவர்கள் நால்வரும் சேர்ந்து விரல் அளவில் மூன்று துணிப் பொம்மைகள் செய்தார்கள்: தாய், சூசை, குழந்தை. அவற்றை வைக்கப் பக்கத்தின் பின்புறம் ஓர் உறை. நிபந்தனையை மீறிவிட்டோமோ என்று விரிவுரையாளரிடம் கேட்டோம். "கேட்டுச் செய்யச் சொன்னேன். அவங்க கை படக்கூடாதுன்னு சொல்லலையே" என்றார்.

அந்தப் பொம்மைகளைத் தைத்த இரவில்தான் அந்தச் சிநேகிதி ஒரு விஷயம் சொன்னார்.

2020 டிசம்பரை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் பிடிவாதமாக இருந்த காலம். பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையை, பெற்றோர் சம்மதிக்காமலே எரித்தார்கள். பொரளை மயான வேலியில் மக்கள் வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கபன் துணியின் அடையாளமாக. எல்லாச் சமயத்தவரும் வந்தார்கள். இரவோடு இரவாக அந்தத் துணிகள் அகற்றப்பட்டன. பிறகு நாடு முழுக்க வீட்டு வாசல்களிலும் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

சிநேகிதி பொம்மைக்குத் துணி சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அந்த நேரம் எங்க வீட்டு கேட்லயும் ஒரு வெள்ளைத் துணி கட்டினேன். அம்மாவோட பழைய சேலையில கிழிச்சது. அந்த நத்தாருக்கு எங்க வீட்டுல நட்சத்திரக் கூடு போடல. அந்தத் துணி மட்டுந்தான் இருந்துச்சு."

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அவர் வீட்டு ஈஸ்டர் ஞாயிறு எப்படிப் போனது என்பதை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டோம். அவர் சொன்னார். இங்கே எழுதுவதற்குரியது இல்லை. கேட்டுக்கொண்டு இருந்தோம், அவ்வளவுதான். அன்று அறைக்குப் போகும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது.

எங்கள் பக்கம் மட்டும்தான் சிறப்பு என்று நினைக்காதீர்கள். நோன்புப் பெருநாள் பக்கம் சைவச் சிநேகிதிகளுக்குக் கிடைத்தது. அவர்கள் பிறையைச் செங்குத்தாக நிற்க வைத்து வெட்டியிருந்தார்கள், கொடிகளில் இருப்பது போல. எங்களிடம் வந்து காட்டினார்கள். "நம்ம ஊரில் தலைப்பிறை அப்படி நிற்காது, தோணி மாதிரிச் சாய்ந்து கிடக்கும்" என்று சொன்னோம். நாங்கள் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அப்படித்தான் தெரியும். மாற்றி வெட்டினார்கள். அடுத்த பிறைக்கு அவர்கள் எங்களுக்கு முன்பே மொட்டைமாடிக்குப் போய் நின்றார்கள். மூடுபனியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்பது வேறு கதை.

பயிற்சி முடிந்து பாடசாலைகளுக்குத் திரும்பிய பிறகு, ஆளுக்கொரு புத்தகம் புதிதாகத் தைத்தோம். எங்களில் ஒருவரின் தரம் இரண்டு வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளை ஒருவன்தான். சமய பாடவேளையில் விறாந்தையில் இருக்கிறவன். மூன்றாம் தவணையில் நத்தார் பக்கத்தைப் பிரித்ததும் வகுப்பே அவனைச் சுற்றி நின்றது. ஒரு பிள்ளை பின்பக்க உறையிலிருந்து பாலனை எடுத்து முன்னணையில் வைக்கப் போனது. அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். "இப்ப வைக்கக் கூடாது. இன்னும் 24 வரலை." அடுத்த நாளிலிருந்து மெழுகுதிரிப் பொத்தான்களுக்கு அவன்தான் பொறுப்பு. பாடசாலை விடுமுறை நத்தாருக்கு முன்பே வந்துவிடுவதால், பாலனை வைக்கும் நாள் வகுப்பில் வராது. அதனால் ஒளிவிழாவன்று வைக்கலாம் என்று அவனே தீர்ப்புச் சொன்னான். வைத்தான். வகுப்பு கைதட்டியது.

இதனால் நாட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டோம். அந்தப் பிள்ளை இன்னும் சமய பாடவேளையில் விறாந்தையில்தான் இருக்கிறான். எங்கள் பைகளை இன்னும் சில இடங்களில் இரண்டு முறை பார்க்கிறார்கள்.

ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்களுக்கு எங்கள் பதில் இது. நாங்கள் நத்தார் கொண்டாடவில்லை. எங்கள் நம்பிக்கையில் ஒரு நூலும் பிரியவில்லை. எங்களால் தைக்க முடியாத ஓர் இடம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதை ஒளிக்காமல் காலியாக விட்டோம். அந்தக் காலி இடம் இருப்பதனால்தான், ஒவ்வொரு புதிய புத்தகம் தைக்கும்போதும் பொம்மை கேட்டு ஒரு கிறிஸ்தவ வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். போன இடத்தில் தேத்தண்ணி தருகிறார்கள். பேச்சு வளர்கிறது. எல்லாவற்றையும் நாங்களே தைத்து முடித்திருந்தால் அந்த வீடுகளுக்குப் போகவே வேண்டியிருந்திருக்காது. 2012 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் நூறு பேரில் பத்துப் பேரளவில் முஸ்லிம்கள், ஏழு எட்டுப் பேர் கிறிஸ்தவர்கள். இரண்டு பேரும் சிறிய கூட்டம். இரண்டு பேருக்கும் காயம் இருக்கிறது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக் காரணம் ஒன்று இருப்பது நல்லது.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குக் கடைசியாக மூன்று விஷயங்கள். பண்டிகைக்குரியவரிடம் கேட்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். பாடநூலில் படம் இருக்கிறது என்று அதையே பிரதி எடுக்காதீர்கள், உங்கள் தோட்டத்தில், உங்கள் டவுனில் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பாருங்கள். உங்களால் செய்ய முடியாதது எது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர்களே வழி சொல்வார்கள்.

நத்தார் பக்கத்தின் வெட்டுமாதிரியைக் கடதாசியில் வரைந்து வைத்திருக்கிறோம். தேவையானவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், படம் எடுத்து அனுப்புகிறோம். முன்னணைப் பையின் அளவு 8க்கு 6 சென்ரிமீற்றர். பொம்மைக்கு மட்டும் எங்களிடம் மாதிரி இல்லை. அதற்குப் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.